வானில் பட்டுத் திரும்பிய பாட்டு

வேலூரில் 1945ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குக் கலைவாணி என்று பெயர் வைத்தார்கள். இசைப் பற்று மிக்க குடும்பம். சிறுமிக்குக் கர்நாடக இசை கற்பிக்கக் கடலூர் சீனிவாச ஐயங்கார் போன்ற வித்துவான்கள் வாய்த்தார்கள். ஆனால் அவளுக்கு இன்னோர் ஆசிரியரும் உண்டு. அந்த ஆசிரியர் ஒரு நாளும் வீட்டு வாசற்படி ஏறியதில்லை, முகத்தைக் காட்டியதில்லை. கடலுக்கு அப்பால் இருந்துகொண்டே பாடம் நடத்தினார். இலங்கை வானொலிதான் அந்த ஆசிரியர்.

கொழும்பிலிருந்து வந்த இந்தித் திரைப்பாட்டுகளைச் சிறுமி கலைவாணி விடாமல் கேட்டாள். பாட்டை மட்டுமல்ல, பாட்டுக்கு நடுவே வரும் வாத்தியப் பகுதிகளையும் ஒன்று விடாமல் நெஞ்சில் பதித்துக்கொண்டு அப்படியே பாடிக் காட்டுவாளாம். எட்டாம் வயதில் சென்னை வானொலி நிலையத்தில் அவளே பாடினாள். 1971இல் வெளிவந்த 'குட்டி' என்னும் இந்திப் படத்தின் வழியாக இந்தியா முழுவதும் அந்தக் குரலைத் தெரிந்துகொண்டது. ஆம், வாணி ஜெயராம்தான்! பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை மூன்று முறை பெற்ற அவர், பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே, 2023 பிப்ரவரி 4 அன்று மறைந்தார்.

கலைஞர்கள் தங்கள் வானொலி நாட்களை நினைவுகூரும்போது இத்தகைய செய்திகள் பலவற்றைச் சொல்வார்கள். "அப்போது ஒரே ஒரு மைக்தான்", "தவறு செய்தால் செய்ததுதான்", "எங்கோ தொலைவில் கேட்டேன் என்று கடிதம் வந்தது" என்பார்கள். நாமும் சுவையாகக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அந்த நினைவுகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பௌதிகப் பாடம் ஒளிந்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

முதலில் இதைப் பாருங்கள். நில வரைபடத்தில் அளவுகோல் வைத்தால் வேலூருக்கும் கொழும்புக்கும் இடையே நேர்த் தொலைவு ஏறக்குறைய 670 கிலோமீட்டர். கலைவாணியின் குடும்பம் பின்னர் குடியேறிய சென்னையிலிருந்து அளந்தாலும் 685தான். பூமியோ உருண்டை. இரண்டு ஊருக்கும் நடுவே நிலமும் கடலும் மலைமுதுகு போல் புடைத்து நிற்கின்றன. ஒளியைப் போல நேர்க்கோட்டில் செல்லும் அலை, அந்தப் புடைப்பைத் தாண்டி எப்படி வந்தது?

தோல் சட்டை போட்ட ரேடியோ

இந்தக் கேள்வி முதன்முதலில் என் மனத்தில் எழுந்த இடம் ஆம்பூரில் ஒரு மொட்டைமாடி. என் மாமா ஒருவர் அங்கே தோல் பதனிடும் தொழிற்சாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் ஊர்களை நீங்கள் அறிவீர்கள். சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, ஈரத் தோல் எல்லாம் கலந்த வாடை, பஸ் ஊருக்குள் நுழையும் முன்பே மூக்கில் ஏறும். நான் சொல்லும் எழுபதுகளில் மாமா ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினார். அதற்குப் பழுப்பு நிறத்தில் தோலுறை; ஒலிபெருக்கி இருக்கும் இடத்தில் மட்டும் வட்டமாகத் துளைகள். தோல் ஊரில் ரேடியோவும் தோல் சட்டை போட்டுக்கொண்டுதான் வருமோ என்று நினைத்துக்கொண்டேன். (நாட்டில் எங்கும் டிரான்சிஸ்டர்கள் அப்போது அப்படித்தான் வந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.)

புதன்கிழமை இரவு எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு பாய் எங்கள் மாடிக்கு வந்துவிடுவார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தமிழ், பாதி வீடுகளில் உருது. அமீன் சயானி நடத்திய 'பினாகா கீத்மாலா' கொழும்பிலிருந்து வரும் நேரம் அது. மாமாவுக்கு இந்தி தெரியாது. அறிவிப்பாளர் சொல்வதை பாய் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். ஏரியல் குச்சியின் நுனியில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி வேப்பமரக் கிளைவரை இழுத்துக் கட்டியிருந்தோம். பாட்டு தெளிவாக வரும், திடீரென்று தேயும், கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகும், மறுபடி பொங்கிக்கொண்டு மேலே வரும். "போச்சு மாமா!" என்பேன். "இரு, வரும்," என்பார் அவர். வரும். கொழும்பில் யாரோ விளையாட்டாகக் குமிழைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

குமிழைத் திருகியது கொழும்பு அல்ல, வானம்!

வானத்தில் ஒரு கண்ணாடி

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி ரேடியோக் குறியைப் பெற்றார். நேர்க்கோட்டில் செல்லும் அலை அத்தனை பெரிய வளைவைத் தாண்டியது எப்படி என்று விஞ்ஞானிகள் திகைத்தார்கள். அமெரிக்காவில் கென்னலி, இங்கிலாந்தில் ஹெவிசைடு ஆகிய இருவரும் 1902இல் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள்: உயரத்தில் மின்சாரத்தைக் கடத்தும் படலம் ஒன்று இருக்கவேண்டும், அதில் பட்டு அலை திரும்புகிறது. வெறும் ஊகம்தான். 1924 டிசம்பரில் ஆப்பிள்டன் என்பவர், வழக்கமான நிகழ்ச்சிகள் முடிந்த பின் இங்கிலாந்திலுள்ள போர்ன்மவுத் வானொலி நிலையத்தைப் பயன்படுத்திச் சோதனை செய்து, அந்தப் படலம் உண்மையில் இருப்பதையும் அதன் உயரத்தையும் கண்டார். அதற்காக 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் கல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா இந்தத் துறையில் பெரும்பணி செய்தவர்.

சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல் வாயு மண்டலத்திலுள்ள அணுக்களைத் தாக்கி அவற்றின் எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிகின்றன. அப்படிப் பிய்ந்த எலெக்ட்ரான்களும் அயனிகளும் நிறைந்த பகுதியே அயனி மண்டலம். அது ஒரே தகடு அன்று. மாடி வீடுபோல் அடுக்கடுக்கானது. கீழ் அடுக்கு ஏறக்குறைய 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேல் அடுக்கு 250, 300 கிலோமீட்டருக்கும் மேலே. கொழும்பிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்து புறப்பட்ட சிற்றலை, அந்த மேல் அடுக்குக்குள் புகுந்து, சிறிது சிறிதாக வளைந்து, கீழே திரும்பிவிடுகிறது. சுவரில் எறிந்த பந்துபோல் என்பது எளிய உவமை. கானல் நீரில் ஒளி வளைவது இன்னும் பொருத்தமான உவமை.

ஒரு முக்கோணம் போட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் 670 கிலோமீட்டர். உச்சி 300 கிலோமீட்டர் உயரத்தில். பிதாகரஸ் தேற்றத்தின்படி ஒவ்வொரு சாய்பக்கமும் சுமார் 450 கிலோமீட்டர். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து 900. ரேடியோ அலை ஒரு விநாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லும். ஆகவே கொழும்பில் கிளம்பிய பாட்டு வேலூருக்கு வந்து சேர ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரமே ஆகும்.

இந்த எண்ணை வேறொன்றோடு ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். ஆயிரத்தில் மூன்று பங்கு விநாடியில் அது கடப்பது ஒரு மீட்டர்! கொழும்பு நிலையத்தில் அறிவிப்பாளர் பேசும்போது அவருக்கு ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த உதவியாளர் காதில் அந்தச் சொல் விழுந்த அதே கணத்தில், வேலூரில் ஒரு வீட்டு ஏரியலிலும் அது வந்து சேர்ந்துவிட்டது.

பாட்டு ஏன் தேய்ந்து தேய்ந்து வந்தது? அயனி மண்டலம் அசையாமல் கிடக்கும் பளிங்குத் தரையன்று. காற்றில் ஆடும் பந்தல் துணிபோல் அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே அலை சற்றே வேறுபட்ட இரண்டு மூன்று பாதைகளில் திரும்பி வரும். இலங்கை வானொலி பயன்படுத்திய 31 மீட்டர் சிற்றலையை எடுத்துக்கொள்வோம். இரண்டு பாதைகளின் நீளத்தில் பதினைந்தரை மீட்டர், அதாவது அலைநீளத்தில் பாதி, வேறுபாடு இருந்தால் ஒன்றின் முகடு மற்றதன் அகட்டில் விழும், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வேறுபாடு 31 மீட்டரானால் முகடும் முகடும் சேர்ந்து ஒலி பொங்கும். 900 கிலோமீட்டர் பயணத்தில் பதினைந்து மீட்டர் எம்மாத்திரம்! மேலே பந்தல் துணி லேசாக நெளிந்தாலே கீழே ஆம்பூர் மாடியில் "போச்சு மாமா!" ஆப்பிள்டனும் இந்தத் தேய்வு வளர்வை அளந்துதான் தம் கண்டுபிடிப்பைச் செய்தார் என்பது பிற்காலத்தில் படித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாங்கள் குறை கூறிய அதே கோளாறு அவருக்குக் கருவி!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமீன் சயானி கொழும்பில் இருக்கவில்லை. பம்பாயில் உட்கார்ந்து பேசி ஒலிப்பதிவு செய்வார். ஒலிநாடா விமானமேறிக் கொழும்பு போகும். அந்த 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகுமோ! அங்கிருந்து இந்தியா திரும்ப மட்டும் ஆயிரத்தில் சில பங்கு விநாடி. பம்பாய்ப் பாட்டை இந்தியர்கள் ஏன் கொழும்பு வழியாகக் கேட்கவேண்டும்? 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாட்டை மதிக்காதவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு அருகிப்போயிற்று. நேயர்கள் குமிழை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். அதை ஈடுகட்டத்தான் 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கியது. சாஸ்திரிய இசையை வளர்க்க அமைச்சர் எடுத்த முடிவு, சாஸ்திரிய இசை கற்ற ஒரு சிறுமியை இந்தித் திரைப்பாட்டின் பக்கம் கொண்டுபோய் விட்டது என்று சொன்னால் தவறில்லை.

இலங்கையின் தமிழ் ஒலிபரப்பும் தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறந்தது. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகிய பெயர்களைச் சொல்லி உங்கள் வீட்டுப் பெரியவர்களின் முகத்தைப் பாருங்கள். சிறுவர் நிகழ்ச்சியில் நுழைந்து அறிவிப்பாளராக உயர்ந்த அப்துல் ஹமீத், தம் நினைவுகளை 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்று நூலாகவே எழுதியிருக்கிறார். இந்தத் தலைப்பில் கற்பனை மட்டுமல்ல, கொஞ்சம் பௌதிகமும் இருக்கிறது.

தரை வழியே ஒரு குரல்

இனி எட்டு வயதுச் சிறுமியின் குரலுக்கு வருவோம். அது போன வழி வேறு.

சென்னையில் வானொலியின் கதை 1924லேயே தொடங்கிவிட்டது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியால் அமைந்த வானொலிக் கழகம் அந்த ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. அதன் முதல் ஒலிபரப்புக் கருவியின் திறன் 40 வாட். சமையலறையில் எரிந்த பழைய குண்டு பல்பின் அளவு! பணமின்றி 1927இல் கழகம் நின்றுபோக, 1930 முதல் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று பிறந்தது.

இந்த நிலையத்தைச் சுற்றுப்புற மாவட்டங்கள் கேட்டது மத்திய அலையில். பல ஆண்டுகள் 720 கிலோஹெர்ட்ஸில் இயங்கிய சென்னையின் முதல் அலைவரிசையை எடுத்துக்கொண்டால் அதன் அலைநீளம் 417 மீட்டர். இத்தனை நீண்ட அலைக்கு ஒரு குணம் உண்டு. அது தரையைத் தழுவிக்கொண்டு, பூமியின் வளைவோடு வளைந்து செல்லும். ஆனால் தழுவிச் செல்வது இலவசமல்ல. போகும் வழியெல்லாம் மண்ணில் நுண்ணிய மின்னோட்டங்களை எழுப்பி, தன் ஆற்றலைச் சிறிது சிறிதாகக் கப்பம் கட்டிக்கொண்டே போகவேண்டும். கடல் நீரும் ஈர மண்ணும் குறைவாக வாங்கும். காய்ந்த பாறை நிலம் மிகுதியாக வாங்கும். சென்னையிலிருந்து வேலூர் 125 கிலோமீட்டர், ஆம்பூர் 170. நெல் வயல்களைத் தாண்டி, பாறைக் குன்றுகளையும் பாலாற்றின் வறண்ட மணலையும் கடந்து வரும் அலை, ஆம்பூரை எட்டும்போது இளைத்துப்போயிருக்கும்.

அப்படியானால் மத்திய அலைக்கு வான்வழி இல்லையா? இரவில் உண்டு, பகலில் இல்லை. அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கைச் சொன்னேன் அல்லவா? அது பகலில் மத்திய அலையை விழுங்கிவிடும். அந்தி சாய்ந்ததும் சூரிய ஒளியின்றி அந்த அடுக்கு விரைவில் கலைந்துபோகும். அலை தடையின்றி மேல் அடுக்குவரை சென்று திரும்பும். வீட்டில் மத்திய அலை எடுக்கும் ரேடியோ இருந்தால் மாலை ஐந்து மணிக்கு ஒருமுறையும் எட்டு மணிக்கு ஒருமுறையும் குமிழைக் கோடியிலிருந்து கோடிக்குத் திருப்பிப் பாருங்கள். இரண்டு முறையும் எத்தனை மொழிகள் கேட்டன என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்விளக்கு, கைபேசி மின்னூட்டி போன்றவற்றை அணைத்துவிட்டு மாடியில் செய்வது நல்லது. இன்றைய வீடுகளில் அவை எழுப்பும் இரைச்சல் எங்கள் காலத்து இடியையே தோற்கடித்துவிடுகிறது.

ஒரே மைக், ஒரே தடவை

பழைய வானொலிக் கலைஞர்கள் மிகுதியாக நினைவுகூர்வது மைக் என்னும் ஒலிவாங்கியைத்தான். வானொலி நிலையங்களில் அந்நாளில் பெரிதும் விரும்பப்பட்டது 'ரிப்பன்' வகை. ஒரு காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே மெல்லிய அலுமினிய நாடா ஒன்று தொங்கும். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. ஒலி வந்து தாக்கும்போது நாடா அசையும். காந்தப் புலத்தில் கடத்தி அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்பது ஃபாரடேயின் விதி. அவ்வளவுதான் கருவி. பலமாக ஊதினால் நாடா நீண்டு கெட்டுவிடும். மேடையில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று மைக்கைத் தட்டி ஊதும் பழக்கமுள்ளவர்களை ஒலிப்பதிவு அறைக்குள் விட நிலையத்தார் அஞ்சியதில் வியப்பில்லை.

இந்த நாடாவுக்கு முன்னும் பின்னும் காது உண்டு. பக்கவாட்டில் காது கிடையாது. பக்கத்திலிருந்து வரும் ஒலி நாடாவின் இரு முகங்களையும் ஒரே நேரத்தில் சம அழுத்தத்தோடு தள்ளுகிறது. இருபுறமும் சமமாகத் தள்ளினால் கதவு திறக்குமா? நாடா அசைவதில்லை. வானொலி நாடக நடிகர்கள் இதை அழகாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். "போய் வருகிறேன், அம்மா" என்று சொல்லிக்கொண்டே நடிகர் மைக்கின் முன்னிருந்து பக்கவாட்டுக்கு இரண்டு அடி நகர்வார். நேர் ஒலி மறைந்து, சுவரில் பட்டுத் திரும்பும் மெல்லொலி மட்டும் பதிவாகும். அவர் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டதாகக் கேட்பவர்கள் நினைப்பார்கள்!

கச்சேரியில் வேறு சிக்கல். பாடுபவரின் குரலும் மிருதங்கமும் ஒரே மைக்கில் பொருந்தவேண்டும். தோல் ஊர்க்காரர்களுக்கு மிருதங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தோலும் கட்டையும் சேர்ந்து எழுப்பும் அந்த ஒலியைச் சர் சி. வி. ராமனே ஆராய்ந்திருக்கிறார். வலந்தலையில் அப்பிய கருமையான பூச்சுதான் அதற்கு இனிய சுருதியைத் தருகிறது என்று காட்டியவர் அவர். மிருதங்கத்தின் முழக்கத்தைக் குரலுக்கு அடக்குவது எப்படி? உட்காரும் தூரத்தால்! தொலைவு இரு மடங்கானால் ஒலிச் செறிவு நான்கில் ஒன்றாகும்; நான்கு மடங்கானால் பதினாறில் ஒன்று. பாடகர் மைக்கிலிருந்து 30 சென்டிமீட்டரிலும் மிருதங்கக்காரர் 120 சென்டிமீட்டரிலும் இருந்தால் போதும். பதினாறில் ஒரு பங்கு முழக்கமே நேராக மைக்கைச் சேரும். பக்கவாத்தியக்காரரை மூலையில் தள்ளி உட்காரவைத்தது மரியாதைக் குறைவால் அல்ல.

நாடகத்துக்கு வேண்டிய ஒலிகளைச் சமையலறையிலிருந்தே சேகரித்தார்கள். இரண்டு கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து மணலில் தட்டினால் குதிரை ஓடும். தகரத் தகட்டை உதறினால் இடி. கண்ணாடித்தாளைக் கசக்கினால் வீடு தீப்பற்றி எரியும். கண் பார்க்காதபோது காது எத்தனை எளிதில் ஏமாறுகிறது!

எல்லாவற்றுக்கும் மேலாக, பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரடியாகவே சென்றன. காந்த ஒலிநாடா ஜெர்மனியில் 1930களில் பிறந்தபோதிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே மற்ற நாடுகளில் பரவியது. அதுவரை பேசியது பேசியதுதான். இருமினால் இருமலும் ஊரெல்லாம் கேட்கும். பிற்காலத்தில் மேடையிலும் திரையிலும் புகழ்பெற்ற நடிகர் பூர்ணம் விசுவநாதன், டில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிப்பவராக இருந்தவர். 1947 ஆகஸ்டு 15 அன்று இந்தியா விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. அச்செய்தியை மறுபடி ஒருமுறை வாசித்துச் சரிசெய்துகொள்ளலாம் என்ற வசதி அவருக்கு இருக்கவில்லை. நாடா வந்த பிறகும் அதன் விலை கருதி, பதிவானதை அழித்து மேலே புதியதைப் பதிவது உலகெங்கும் நிலையங்களின் வழக்கம். எத்தனையோ கலைஞர்களின் முதல் நிகழ்ச்சிகளுக்கு அவர்களது நினைவைத் தவிர வேறு சாட்சி இல்லாமற்போனது இதனால்தான்.

நீண்ட குழாயும் நெளிந்த படமும்

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. வானொலியில் குரலால் வாழ்ந்தவர்கள் இப்போது முகத்தையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்நாளைய தொலைக்காட்சிக் கேமராக் குழல்களுக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். விளக்குகளின் சூட்டில் பூச்சு வழிந்ததைச் சொல்லாத பழைய நடிகர் அரிது. நம் கண் காணும் ஒளி வேறுபாட்டில் சிறு பகுதியையே அந்தக் குழல்கள் தாங்கும். ஆகவே பளீரென்ற வெள்ளைத் துணி திரையில் பூத்துப் பரவி, பக்கத்திலிருக்கும் முகத்தைக் கறுப்பாக்கிவிடும்.

வேலூர்க்காரர்களுக்கோ பிரச்சினை திரைக்கு இப்பால். தொலைக்காட்சி அலை சில மீட்டர் நீளமே உள்ளது. அது தரையைத் தழுவாது; அயனி மண்டலத்திலும் பெரும்பாலும் திரும்பாது, ஊடுருவிச் சென்றுவிடும். தொடுவானம்வரைதான் அதன் ஆட்சி. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்குங்கள், அலையின் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். கோபுரம் 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 50 கிலோமீட்டர். வீட்டு ஆன்டெனாவை 15 மீட்டர் உயர்த்தினால் இன்னுமொரு 16. சமதரையானால் காஞ்சிபுரம்வரை ஒருவாறு எட்டலாம். வேலூர் அதைப்போல் இரு மடங்கு தொலைவு. வேலூர் கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, ஆனால் நடுவிலுள்ள நிலமும் கூடவே ஏறிக்கொண்டு வருவதால் அந்த உயரம் முழுவதும் லாபமாகாது. ஆம்பூருக்கோ இருபுறமும் மலை வேறு.

ஆகவே மாடிக்கு மாடி நீர்க்குழாய்களை ஒன்றோடொன்று திருகிக் கம்பம் நட்டார்கள். 'பூஸ்டர்' என்னும் பெருக்கியை மாட்டினார்கள். வளைவிலும் மேட்டிலும் சிதறி மடங்கி வரும் சொற்ப அலையைப் பிடிக்கத்தான் இத்தனை பாடும். ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, ஒருவர் சன்னலருகில் நிற்க, ஒருவர் உள்ளிருந்து "இப்ப வருது, இப்ப போச்சு" என்று கூவ, வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' தொடங்கும் முன் தெருவே அல்லோலகல்லோலப்படும். கடைசியில் தெரிவது கோடு கோடாக, புள்ளி புள்ளியாக ஓர் உருவம். நல்ல கோபுரம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தென் மாவட்டங்கள் சாட்சி. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினி, 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகால மலையிலிருந்து ஒளிபரப்பியது. நம் கணக்கின்படி தொடுவானம் 200 கிலோமீட்டருக்கு மேல். தூத்துக்குடிப் பக்கத்து வீடுகள் சென்னையைப் பார்க்குமுன் இலங்கையைப் பார்த்தன. 1984இல் நாளுக்கொன்று என்று சொல்லும் வேகத்தில் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் நாடெங்கும் முளைத்தபின்தான் கம்பங்கள் குட்டையாகத் தொடங்கின.

அயனி மண்டலத்தை ஊடுருவிச் சென்ற அந்தத் தொலைக்காட்சி அலைகள் எங்கே போயின? இன்னமும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. 1975 ஆகஸ்டு 15 மாலை சென்னையிலிருந்து வெளியேறிய அலை இன்று ஐம்பது ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. 37 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள சுவாதி நட்சத்திரத்தின் தூரத்தை அது எப்போதோ கடந்துவிட்டது. 65 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ரோகிணியின் தூரத்தை 2040 வாக்கில் கடக்கும். எந்தக் கருவியாலும் கண்டறிய முடியாத அளவுக்கு மெலிந்துபோயிருக்கும் என்பது வேறு செய்தி.

எட்டு வயதுச் சிறுமி பாடிய மத்திய அலைக்கு அந்தப் பயணம் வாய்க்கவில்லை. பெரும்பகுதியை மண் வாங்கிக்கொண்டது. மேலே சென்றது அயனி மண்டலத்தைத் தாண்டவில்லை. அவள் ஓர் அடியைப் பாடி மூச்சு வாங்குவதற்குள், அந்த அடியைச் சுமந்து சென்ற அலை முழுவதும் வயல்களிலும் பாறைகளிலும் பாலாற்று மணலிலும் அளக்க முடியாத சிறு வெப்பமாகி அடங்கிவிட்டது.